இருபத்துநாலு எலிகள்

இரவு ஒன்பதே முக்கால்.
எட்டாம் பக்கத்தில் கால் பக்கம் வெறுமை.
நகைக்கடை விளம்பரக்காரர்
கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்.
"சுகாதாரச் செய்தி ஏதும் போட்டு அடையுங்கோ" என்று
ஆசிரியர் ஸ்ரான்லி வீதிக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

வந்து கிடந்தது இது:
'கொழுத்த ஈரலை ஆறே கிழமையில் கரைக்கும்
கீழ்க்காய்நெல்லி! விஞ்ஞானிகள் வியப்பு.'

எந்த விஞ்ஞானி? பெயரில்லை.
எங்கே நின்று வியந்தார்? ஊரில்லை.

போன செவ்வாய்க்கிழமை
கோப்பி ஈரலுக்கு நண்பன்.
வெள்ளிக்கிழமை அதே கோப்பி இரைப்பைக்குப் பகைவன்.
இரண்டுக்கும் தலைப்பு வைத்தவள் நான்.
இரண்டுக்கும் ஒரே கோப்பையின் படம்.

என் மேசை லாச்சிக்குள்
நீல உறையில் என் ஈரலும் கிடக்கிறது,
கறுப்பு வெள்ளையில்,
'இரண்டாம் நிலை' என்றொரு கிறுக்கலோடு.
ஆகையால் சொல்லிவிடுகிறேன்,
முதல் வாசிப்பில் நான் நம்பினேன்.
கிணற்றடியில் சும்மா முளைத்துக் கிடக்கிறதே,
மிதித்துத்தானே குளிக்கப் போகிறேன் என்று
மனம் ஒரு சிறங்கை பிடுங்கியும் விட்டது.

பிறகுதான் தொழில் குறுக்கே வந்தது.
இந்தச் செய்தி இன்னொரு செய்தியிலிருந்து,
அது ஒரு விற்பனைத் துண்டிலிருந்து,
துண்டு ஓர் ஆய்விலிருந்து.
ஆய்வின் அடியில் இருந்தவை
இருபத்துநாலு எலிகள்.

கொத்துரொட்டி தெரியாத எலிகள்.
கொடிகாமத்துக் கள்ளோ
விடிய விடியப் பக்கம் கட்டும் உத்தியோகமோ அறியாமல்
கூட்டுக்குள் வைத்துக் கொழுக்கவைத்த ஈரல்கள்.
பன்னிரண்டுக்குச் சாறு, பன்னிரண்டுக்குத் தண்ணீர்.
சாறு குடித்தவற்றில் கொழுப்புக் கொஞ்சம் குறைந்தது, உண்மை.
அதைப் பார்ப்பதற்காக அத்தனையையும் அறுத்தார்கள்.
செய்தியில் அது இல்லை.
கடைசி வரியில், எறும்பு எழுத்தில்,
காசு கொடுத்தவரின் பெயர்:
குளிசை விற்கும் அதே கம்பனி.

நெல்லியில் எனக்கொரு கோபமும் இல்லை.
அது தன்னைப் பற்றி அறிக்கை விடவில்லையே.

தலைப்பை வெட்டினேன்.
'எலிகளின் ஈரலில் சிறு மாற்றம்;
மனிதருக்கு என்ன செய்யும் என்று இன்னும் தெரியாது.'
திரும்பி வந்த ஆசிரியர் சிரித்தார்.
"உதை ஆர் பிள்ளை வாசிப்பினம்?"

வாசித்தார் ஒருவர்.
அச்சுக்கூடத்துச் சிற்சபேசன் அண்ணை
தகட்டை மாட்டுமுன் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.
குழல்விளக்கில் அவர் கண்ணின் வெள்ளை
வெள்ளையாக இல்லை.
"அப்ப இது வேலை செய்யாதோ பிள்ளை?
நான் ரெண்டு மாதமாக் குடிக்கிறன்.
பசி இல்லை, வயிறு ஊதுது.
மற்றும்படி சுகம்."

நான் கவனமாகச் செதுக்கிய தலைப்பு
அவர் கையில் விறைத்துக்கொண்டு நின்றது.
'தெரியாது' என்பது பொய்யில்லை.
ஆனாலும் வருத்தக்காரனுக்கு அது
உப்புப் போடாத கஞ்சி.

"எனக்கும் ஈரலிலை கொழுப்பு அண்ணை" என்றேன்.
வீட்டிலும் சொல்லாத ஒன்று
மை மணக்கிற அந்த அறையில் வெளியே வந்தது.
"உங்கடை கண் மஞ்சளாக் கிடக்கு.
விடியப் பெரியாஸ்பத்திரிக்குப் போவம்.
ஆறு மணிக்கு முன்னம் நிண்டாத்தான் நம்பர்.
நான் ஸ்கூட்டியிலை வந்து ஏத்திறன்.
குடிக்கிற போத்திலையும் கொண்டு வாங்கோ,
டொக்டருக்கு ஒளிக்கக் கூடாது."

அவர் தகட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"எந்தப் போத்திலை?" என்றார்.

"ரெண்டையும்" என்றேன்.
அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.
கேட்டதோ தெரியாது.