ஜவ்வரிசி விலை

முதல் நாளே பலகையில் ‘ஏன்’ என்று எழுதி
அதன்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள் நிலோஃபர்.
என்னைவிடப் பதினாலு வயது சின்னவள்.
ஏன் போனே, ஏன் போகலே, ஏன் இத்தனை நாள் பேசலே.
இந்த ஒற்றைச் சொல் வாசலில் நின்றுகொண்டு
உள்ளே வருகிறவளிடம் டிக்கெட் கேட்கும் என்றாள்.

நாங்கள் ஒன்பது பேர்.
அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி.
கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம், மைக் டெஸ்டிங்.
நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதீர்கள்,
சற்றே கோணலாக,
அவள் விரும்பினால் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளட்டும்.
கதவு அவள் பக்கம் இருக்கட்டும்.
தோளைத் தொடுமுன் கேளுங்கள்.
யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள்,
அடிபடுவது குழந்தை என்றால்
அதை நீங்களே உடைக்க வேண்டிவரும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து
முதல் பஸ் பிடித்து வரும் ரெஜினா
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.
நான் எழுதவில்லை.

பதினொரு வருஷம்
குகையில் மருந்துக்கடையில் நின்றவள் நான்.
வீக்கத்துக்கு ஆயின்மென்ட் குடுங்கக்கா,
படியில விழுந்துட்டேன்.
மாடியே இல்லாத தெருக்களில்
எத்தனை படிக்கட்டுகள்!
நாற்பத்தெட்டு ரூபாய். சில்லறை இருக்கா. கவர் வேணுமா.
நான் கேட்ட கேள்விகள் அவ்வளவுதான்.
ஒருத்தி மட்டும் மீதியை எடுக்காமல்
கொஞ்ச நேரம் நின்றாள்.
ஃபேன் காற்றில் பில் படபடத்தது.
அவள் தலைக்கு மேலாகப் பார்த்து
சொல்லுங்க சார், என்றேன்.

நடித்துப் பழகும் நாளில் ரெஜினா அழுதாள், நடிப்பாகத்தான்.
நாலு நிமிஷத்தில் ஏழு யோசனை சொன்னேன்.
எண்ணிக்கொண்டிருந்த நிலோஃபர் சொன்னாள்:
‘மாத்திரை எடுத்துக் குடுக்கற மாதிரியே குடுக்கறீங்க.
சீட்டையே இன்னும் வாங்கலயே.’

ஆறாவது வாரம் உதவி எண் மேசைக்கு அனுப்பினார்கள்.
செவ்வாய்க்கிழமை, மதியம் ரெண்டரை.
எடுத்ததும் விசைத்தறிச் சத்தம்.
அதற்குள்ளிருந்து ஒரு குரல்,
தறியின் வேகத்திலேயே, மூச்சு வாங்காமல்.
அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
அது அவளுடையது.

தறி நின்றது.

‘ஏங்க, ஜவ்வரிசி கிலோ என்ன விலைங்க?’
அதே குரல், வேறு பெண்.
என் நாக்கின் நுனிவரை ‘ஏன்’ வந்தது.
விழுங்கினேன்.
பதினொரு வருஷத்துக் கவுன்ட்டர் குரல்
எங்கிருந்தோ எழுந்து வந்து சொன்னது:
‘எழுபத்திரெண்டு ரூபா. மாவு ஜவ்வரிசியா, நைலான் ஜவ்வரிசியா?’
எவ்வளவாம், என்றது தள்ளி ஓர் ஆண்குரல்.
‘எழுபத்திரெண்டாம்.’
வைத்துவிட்டாள்.

நாமாகத் திரும்பக் கூப்பிடக் கூடாது.
இது பயிற்சிக் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.
பக்கத்து மேசைக்காரி டீ வாங்கிவந்தாள்.
ஆடை படிந்து ஆறிப்போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல்
லீ பஜாரில் இறங்கி விசாரித்தேன்.
அறுபத்தெட்டு.
நாலு ரூபாய் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.
அவன் கடையில் கேட்டிருப்பானா?
மூட்டைக் கணக்கில் வாங்குகிற வீடா?
சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசி விலை தெரியாமலா இருக்கும்?
அந்த நாலு ரூபாயோடு
இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.

சான்றிதழ் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.
ரெஜினா மலைக்கே வேலைக்குப் போய்விட்டாள்.
எனக்கு அதே மேசை.
காலையில் பஸ் மாறும் இடத்தில்
மண்டிக் கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்,
ஏதோ பலகாரக் கடைக்காரி என்று நினைத்துக்கொண்டு.
நோட்டின் மூலையில், தேதிக்குக் கீழே குறித்துவைக்கிறேன்.

இன்று எழுபது.
நைலான் என்றால் எண்பத்தொன்று.