ஐஸ் வாளி

பதினேழாம் இலக்க அறைக் கப்பித்தானை
நான்தான் செய்தேன்.

தொண்ணூற்றாறு, வைகாசிக் கணக்கெடுப்பில்
தென்னஞ்சாராயம் ஒன்றரைப் போத்தல் குறைந்தது.
குடித்தவன் நான்.
மேனேஜர் வன்டோர்ட்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"எங்கே போச்சு, அருளப்பு?" என்றார்.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"மேலே இருக்கிற வெள்ளைக்காரன், சேர்.
இரவு இரண்டு மணிக்கு இறங்கி வாறான்.
பூட்ஸ் சத்தம் கேட்கும்."

அவர் சிரிக்கவில்லை.
பேரேட்டைத் திறந்து
'கசிவு' என்று எழுதினார்.
அடுத்த மாத விளம்பரத் தாளில்
கப்பித்தானுக்கு மீசை முளைத்திருந்தது.
அதற்கடுத்த மாதம் ஒரு காதலி,
மூழ்கிய கப்பல், கடன், கைத்துப்பாக்கி.
அறை வாடகை இருமடங்கு.

கொம்பனித்தெரு முனையில்
பேரே வாவிக்கு முதுகு காட்டி நிற்கும் கட்டடம்.
மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்,
குழாய்கள் இருமும்.
ஒரு பேய்க்கு வேறென்ன வேண்டும்?
வந்தவர்களுக்குக் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்.
பூட்ஸ் சத்தம் வரும் இடத்தில்
கோப்பை துடைப்பதை நிறுத்துவேன்.
அந்த நிறுத்தத்துக்குத்தான் டிப்ஸ்.

செத்த வெள்ளைக்காரருக்கு இந்த ஊரில் குறைவில்லை.
கோட்டைப் பக்கம் ஹோட்டலுக்கு ஒரு சீமாட்டி,
படிக்கட்டில் பட்டுச் சரசரப்பு.
அதே படிக்கட்டில் பெட்டி சுமந்து
நெஞ்சு வெடித்தவன் எவனும்
திரும்பி வந்ததாய்க் கதையில்லை.
ஆவியாவதற்கும்
ஓர் அறை இலக்கம் வேண்டும்போல.

வேலைக்குச் சேர்ந்த அன்று தந்த வெள்ளைக் கோட்டு
எனக்குத் தோளில் அகலம்.
கழுத்துப் பட்டியின் உள்ளே சிவப்பு நூலில்
சலவைக்குறி: த 9.
யாருடையது என்றேன்.
லிஃப்ட் சோமதாச
பொத்தான்களைப் பார்த்தபடி சொன்னான்:
"தணிகாசலம். எண்பத்து மூன்று ஆடி.
மத்தியானம் ஐஸ் எடுக்கப் போனவர்."
பிறகு,
"எத்தனையாம் மாடி?" என்றான்,
நான் அப்போதுதான் ஏறியதுபோல.

இப்போது அணிவது மூன்றாவது கோட்டு.
சலவைக்காரன் பழைய குறியையே தைக்கிறான்.
வலது கை மடிப்பில் எப்போதும் கொஞ்சம் ஈரம்.
கொழும்புக் காற்று அப்படித்தான்,
யாரும் கேட்டால்.

இருபத்திரண்டு, பங்குனிக் கடைசி.
பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை.
ஐஸ் மெஷின் வாயைத் திறந்தபடி
காய்ந்து கிடந்தது.
பாரில் ஒரே விருந்தாளி,
பெல்ஜியத்துப் பெண், மெழுகுதிரி வெளிச்சத்தில்.
கப்பித்தான் கதை கேட்டாள்.
காதலி, கப்பல், கடன்,
பூட்ஸ் சத்தம். நிறுத்தினேன்.

அந்த நிறுத்தத்துக்குள்
எனக்குப் பின்னால்
வாளியில் ஐஸ் விழுந்தது.

கொட்டியதில்லை. ஒவ்வொன்றாக வைத்தது.
விருந்தாளி பேசும்போது
சத்தம் வரக்கூடாதென்று பழகிய கை.

அவள் திரியைத் தூக்கிப் பிடித்தாள்.
"கப்பித்தானா?"
"இல்லை, மேடம்," என்றேன்.
"எங்கட ஆள்."

திரும்பிப் பார்க்கவில்லை நான்.
முகம் தெரிந்துவிடும் என்ற பயமில்லை.
முப்பத்தொன்பது வருசமாய்த்
தெருவில் நின்று வந்தவரிடம்
'ஏன் இவ்வளவு நேரம்' என்பதுபோல்
ஆகிவிடுமே என்றுதான்.
கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.
கவுன்டருக்குப் பின்னால்
இரண்டு பேர் நிற்க இடம் உண்டு.

அவளுடைய கோப்பையில் இரண்டு கட்டி போட்டேன்.
குளிர்ந்தது என்றாள்.

கடை சாத்திப் பேரேட்டைத் திறந்தேன்.
குறைந்ததற்கு இங்கே ஒரு சொல் உண்டு,
வன்டோர்ட் எழுதிவைத்துப் போனது.
வந்ததற்கு என்ன எழுதுவது?
பேனை அங்கேயே நின்றது.
வாளியைச் சுற்றி
கவுன்டர் பலகையில்
தண்ணீர் வட்டம் கட்டிக்கொண்டிருந்தது.