நழுவல்

சாம்பல் ஏற்றிப்போன லாரி
குடிகாட்டு கேட்டுக்கே திரும்பி வந்தது.
கல் அறுக்கும் பாண்டுரங்கன் போனில் கத்தினார்:
“உங்க சாம்பல்ல தண்ணி ஊத்துனா
பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் வாடை வருது.
வேலைக்கு வந்தவங்க
மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க.”

இரவு ஷிப்ட் என்னுடையது.
திரையில் எல்லாம் பச்சை.
நைட்ரஜன் ஆக்சைடு இருநூற்றுப் பத்து,
வாரியம் கேட்பதைவிடக் குறைவு.
பத்து நாளாய் அந்தப் பச்சையைப் பார்த்தபடிதான்
டீ குடித்திருக்கிறேன்.

நெருப்பு மிஞ்சினால் காற்றையே தின்னும்.
யாரோடும் சேராத நைட்ரஜனை இழுத்து
ஆக்சிஜனோடு முடிச்சுப் போடும்.
அவிழ்க்கத்தான் யூரியா,
கரைத்து, குழல் நுனியில் பனியாக்கி.
வயலுக்குப் போடுகிற அதே யூரியா.
மச்சான் ஒரு மூட்டைக்கு
ஆதார் அட்டையோடு சொசைட்டி வரிசையில் நிற்க
மணிக்கு நூறு லிட்டர் நான் நெருப்புக்கு ஊட்டுகிறேன்.
அவனிடம் சொன்னதில்லை.

அதற்கென்று ஓர் இடம் உண்டு
கொதிகலன் வயிற்றில்,
தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்து ஐம்பதுக்கும் நடுவே.
சூடு கூடினால்
மருந்தே எரிந்து நோயாகும்.
குறைந்தால் எதையும் அவிழ்க்காமல்
அம்மோனியாவாய் நழுவிச்
சாம்பலில் ஒளிந்துகொள்ளும்.

நழுவலை அளக்கும் கருவி
சித்திரையிலிருந்து ரிப்பேர்.
ஆய்வகத்து அஞ்சலாட்சி
ஒரு பிடி சாம்பலைக் குவளையில் போட்டாள்.
தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கித் திறந்தாள்.
முகர்ந்தாள்.
கண்ணில் நீர்.
“அழுகை இல்ல சார், அளவு.”

பாதிச் சுமையில் ஓடுகிறது கொதிகலன்.
முழுச் சுமைக்கு வைத்த அளவை
யாரும் தொடவில்லை. நானும்தான்.

இரும்புப் படியேறி
மேல்வரிசைக் குழல்களை ஒவ்வொன்றாய் அடைத்தோம்.
கீழ்வரிசையைத் திறந்தோம்.
வால்வு நான்கு துருப்பிடித்திருந்தது,
இருதயராஜ் செருப்புக் காலால் உதைத்தான்.
பம்பைக் குறைத்தேன்.
இருநூற்று ஐம்பது.
இருநூற்றுத் தொண்ணூறு.
மஞ்சள்.
மேனேஜர் வீட்டிலிருந்தே கேட்டார், “ஏன்யா மஞ்சள்?”
“பச்சை பொய் சார்” என்று வாய்வரை வந்தது.
“பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்” என்றேன்.

உப்பனாற்றின் மேல் இருட்டு வெளுத்தது.
புகைபோக்கியிலிருந்து வருவது
அங்கிருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.
அஞ்சலாட்சி மறுபடி ஒரு குவளை குலுக்கினாள்.
இந்தமுறை கண்ணைத் துடைக்கவில்லை.
லாக் புத்தகத்தில் எழுதினேன்:
ஐந்து பத்து. மஞ்சள். வாடை இல்லை.

வீட்டு வாசலில் மச்சான்,
வெறும் சாக்கோடு.
என் சட்டைப் பக்கம் மூக்கை நீட்டினான்.
“உனக்கு மட்டும் எங்க மாமா கெடச்சுது?”