இராக்கொக்கு, இதழ் எண் 212

புதன்கிழமைதோறும் பெட்டி பிரியும்.
கத்தியால் நாடாவை நான் கிழிக்கும் சத்தத்துக்கே
பஃபலோவின் பாதிச் சண்டைக்காரர்கள்
ஹெர்டல் அவென்யூவில் வண்டி நிறுத்த இடம் தேடுவார்கள்.

இன்று பனி.
ஏரியிலிருந்து எழுந்து வந்து
கதவில் பாதியை விழுங்கிவிட்ட பனி.
வந்தவர்கள் இருவரே:
பனி வாரும் லாரி ஓட்டும் ராய்ஸ் டில்மன்,
மாவட்டப் பிணவறையில் இரவுப் பணி பார்க்கும் வெர்னா டூடெக்.
இருவர் போதும்.

இராக்கொக்கைத் தெரியாதவர்களுக்கு:
அறுபதுகளில் அவன் மஞ்சள் காலுறை போட்டவன்.
கூரையிலிருந்து குதிக்கும்போது கால் இடறுவான்.
தோளில் தொற்றி வரும் பொடியன் பெயர் அயிரை.
மீனைத் தின்னாமல் தோழனாக்கிக்கொண்ட
உலகின் ஒரே கொக்கு.
கொள்ளைக்காரர்களை வெண்ணெய்ப் பீப்பாய்க்குள் உருட்டிவிட்டு
கடைசிக் கட்டத்தில் இருவரும் பான்கேக் சாப்பிடுவார்கள்.

எண்பத்தேழில் யாரோ விளக்கை அணைத்தார்கள்.
காலுறை கறுத்தது. தாடி முளைத்தது.
எல்லா இரவும் மழை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழில், பாலத்தடியில்,
அயிரை மூழ்கிச் செத்தான்.

"மீன் எப்படியப்பா மூழ்கிச் சாகும்?" என்பாள் வெர்னா.
பதினோரு வருடமாக இதே கேள்வி.
"அது மீனல்ல, பதினாலு வயசுப் பையன்" என்பான் ராய்ஸ்.
பதினோரு வருடமாக இதே பதில்.
கொக்கைப் பற்றிப் பேச வந்தவர்கள்
ஆளுக்கொரு ஒற்றைக்காலில் நிற்பார்கள்.

முகமூடி மாட்டி ராத்திரியில் அலைகிறவன்
சிரித்துக்கொண்டே அலைந்தால் அவன் பைத்தியம், என்பான் அவன்.
அடிபட்டால் அடுத்த இதழிலும் நொண்ட வேண்டும்.
பான்கேக்கெல்லாம் பல் முளைக்காதவர்களுக்கு.

இருட்டைப் பார்க்க எனக்கு
மணிக்கு இருபத்திரண்டு டாலர் தருகிறார்கள், என்பாள் அவள்.
அதையே நான் காசு கொடுத்து வேறு வாங்கணுமா?
தாடி வைத்தால் அறிவு வந்துவிடுமென்றால்
என் மாமனார் நோபல் பரிசு வாங்கியிருப்பார்.

நான் பில் போடுகிறவன். எனக்குக் கருத்து கிடையாது.
மஞ்சள் காலுறை இதழ்கள் கால் டாலர் பெட்டியில் கிடக்கின்றன;
மூழ்கிய இதழ், பிளாஸ்டிக் உறையில், அறுபது டாலர்.
சோகத்துக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மின்சாரம் போயிற்று.
கைப்பேசி வெளிச்சத்தை மேசைமேல் சாய்த்து வைத்து
"அந்த இதழை எடு" என்றாள் வெர்னா.
"ஒருதரம் பார்த்துவிடுகிறேன்."

அவள் அதைத் திறந்ததே இல்லை.

ராய்ஸ் கெக்கலித்திருக்கலாம்.
அவன் அறுபது டாலரை எண்ணி வைத்தான்,
உறையை அவனே பிரித்தான்.

பதிவேட்டைச் சரிபார்ப்பவள்போல
விரலை வைத்து வைத்துப் படித்தாள்.
அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே:
"வெண்டலை எடுத்ததும் ஆற்றில்தான்.
அண்ணன். எனக்கு அப்போது பன்னிரண்டு.
இவன் தண்ணீரில் இறங்குகிறானே, அங்கே பார்.
ஏழு கட்டம். ஒரு பேச்சு இல்லை.
எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும்
பேசிக்கொண்டே இருந்தார்கள்."

ஆறுதல் சொல்வது அவள் வேலையில் இல்லை.
வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.
ஏழாவது கட்டம், கறுத்த நீருக்கடியில்,
கடுகளவு மஞ்சள்.

"காலுறை" என்றாள்.
"மசி" என்றான். "தகடு நகர்ந்திருக்கும்.
மஞ்சள் முதலில் விழும், கறுப்பு கடைசியில்.
மூட மறந்த இடம்."
"மூடாமல் விட்ட இடம்."
"மறந்த."
"விட்ட."

உள்ளறையில் இன்னும் இரண்டு பிரதிகள் உண்டு.
நாடா ஒட்டி, பிரிக்காமல்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நூற்றிருபது டாலர்.

கத்தியை எடுத்தேன்.