கம்பத்துப் பெட்டி

எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது.
தக்கலையில் இறங்கி
"மாவு மில்லுக்குப் பின்னால" என்றால்
ஆட்டோக்காரர் கொண்டு விடுவார்.
மில் மூடி ஆறு வருடம்.

பதினொரு வீடு.
அதில் மூன்று தோஹாவில் இருக்கின்றன,
சாவி மட்டும் இங்கே
கிளாடிஸ் டீச்சர் வீட்டு ஆணியில்.
தெரு முடிகிற இடத்தில் ஒரு வாழைவிளை,
மழை மூடாத நாளில்
அதற்கு மேல் வேளிமலை.

ஏழு மணிக்குக் குளச்சல் சாளை வரும்.
எட்டு பத்துக்குப் பள்ளி வேன்.
அது திரும்பும் இடைவெளியில்
நான் ஸ்கூட்டரை எடுத்து வெளியே வந்துவிட வேண்டும்,
கூட்டுறவு வங்கியில்
பிறர் நகையை எடைபோடுகிற வேலை.
பிறகு தெருவில் என்ன நடக்குமோ
எனக்குத் தெரியாது.
ஒன்றும் நடக்காது என்றுதான் மைமூன் சொல்வாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய், ராத்திரி மழைக்குள்
முதல் வீட்டுக்குக் கார் வந்து போனது.
ஏசுவடியானை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.
ராணித்தோட்டம் டிப்போவில் டிரைவராக இருந்தவர்.
எங்கள் பிலாவின் சக்கை விழுந்து
அவர் வீட்டு ஓடு நொறுங்கிய வகையில்
நாலு வருடமாகப் பேச்சில்லை.
அதனால் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நெத்திலி நிறுத்துக்கொண்டே
சிலுவைதாசன் அண்ணாந்தான்:
"ஒங்க தெருவுக்குச் சூரியன் பத்தல்லியோ?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மழை விட்ட வெயிலில்
காய்ச்சல்காரன் கண்ணைப்போல.
மூன்று பகல் எரிந்திருக்கிறது.
பகலில் கம்பத்தை யார் பார்க்கிறார்கள்?

நகராட்சி ஆள் வந்து போடுவான் என்று
மைமூன் நினைத்திருந்தாள்.
எங்கோ ஓரிடத்தில் மொத்தமாகப் போடுவார்கள் என்றார் டீச்சர்.
நான் அதைப்பற்றி நினைத்ததே இல்லை.
இருட்டினால் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

கம்பத்தில் துருப்பிடித்த பெட்டி.
கீழே, ஏறி நிற்க ஒரு கருங்கல்.
இரண்டு முறை என் ஸ்கூட்டரை உரசி
எந்த மடையன் போட்டது என்று
நான் கத்திய அதே கல்.
ஏறித் திறந்தேன்.
சுவிட்சின் கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றி
சணலால் இறுக்கியிருந்தது, மழையில் ஷாக் அடிக்காமல்.
மூடியின் உள்பக்கம் பென்சிலில்
டிரிப் ஷீட் எழுதுகிற கையெழுத்து:
12.8 பல்பு போச்சு. புகார்.
19.8 மறுபடியும்.
2.9 நேரில் போனேன்.
4.9 வந்தார்கள்.

அணைத்தேன்.
வெயிலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அன்று ஆறு மணிக்குக்
கம்பத்தடியில் மூன்று பேர் நின்றோம்.
நான், மாவுக் கையோடு மைமூன்,
மழையில்லாத மழைக்குக் குடைபிடித்த டீச்சர்.
யார் போடுவது என்று தெரியாமல்
கொஞ்சநேரம் சாளை விலை பேசினோம்.

அப்புறம் முறையெல்லாம் வைத்துப் பார்த்தோம்.
ஒருநாள் ஆறேகால் ஆனது.
ஒருநாள் நாய்கள் குரைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
ஒருநாள் மழைமூட்டம் பார்த்து
நாலு மணிக்கே போட்டுவிட்டாள் மைமூன்.

பன்னிரண்டாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார்.
எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது,
யாரும் வெளியே வரவில்லை.

ஐந்தரை தாண்டி,
வயிற்றில் ஒரு கையை அணைத்துப் பிடித்து
பைய நடந்து கம்பத்துக்கு வந்தார்.
அவர் ஏற வேண்டாமே என்று
நான் முன்னமே போட்டு வைத்திருந்தேன்.

அண்ணாந்து பார்த்தார்.
எங்கள் கேட்டைப் பார்க்காமல்
எங்கள் கேட்டிடம் சொன்னார்:
"வெளிச்சம் கெடக்கும்ப எதுக்குப் போட்டிய?
கரண்டு ஓசிக்கு வரல்ல, கேட்டியளா."

கல்லில் ஏறினார். அணைத்தார்.
இறங்கி அங்கேயே நின்றார்,
மலை மங்கி, வாழைவிளை மங்கி,
பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிகிற வரைக்கும்.

பிறகு போட்டார்.

ஓட்டுக்கான காசை
நான் இன்னும் கொடுக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.