மூன்று கட்டங்கள்

ஒரே வாரத்தில் நாற்பத்தோரு மின்னஞ்சல்.
நான் எண்ணவில்லை, நௌலா எண்ணியிருக்கிறாள்.
மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு,
பேன் அறிவிப்பு மட்டும் மூன்று தடவை.
"தலைக்கு ஒன்றா, பேனுக்கு ஒன்றா?"
பள்ளி வாசலில் குடை பிடிக்காமல் நின்று கேட்டாள்.
கில்லிபெக்ஸில் மழைக்கு யாரும் குடை பிடிப்பதில்லை,
காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.

அனுப்புகிறவள் நான்தான்.
துறைமுகம் தெரிகிற ஜன்னலோரம்
எழுத்தர் நாற்காலி.
விசைப்பலகையில் அந்த ஒரு பொத்தானில் மட்டும்
எழுத்து அழிந்துபோயிருக்கிறது.

சரி என்று ஒரு படிவம் அடித்தேன், காகிதத்தில்.
(அதையும் மின்னஞ்சலில் அனுப்பினால்
ஊர் சிரிக்கும்.)
மூன்று கட்டம்:
எல்லாம் வேண்டும்.
வெள்ளிக்கிழமை ஒன்று போதும்.
அவசரம் மட்டும்.

திரும்பி வந்தவற்றில் ஜாம் இருந்தது,
கானாங்கெளுத்தி வாசனை இருந்தது.
ஒரே பையனுக்கு இரண்டு படிவம்:
அப்பா எல்லாம், அம்மா வெள்ளிக்கிழமை.
இரண்டையும் அவனே சுமந்து வந்தான்,
ஒரே பையில்,
ஒன்றுக்கொன்று முதுகு காட்டி மடிந்து.

பியாட்டா மீன் ஆலையில் உறைகூடத்தில் நிற்பவள்.
போன் துடித்தால்
கையுறையைப் பல்லால் உருவி
விரல் விறைக்கத் திறந்து பார்ப்பாள்:
கேக் விற்பனை.
அவசரம் மட்டும் என்று குறியிட்டு
அடியில் எழுதியிருந்தாள்,
"எது அவசரம் என்று யார் சொல்வது?"

அன்று மதியம் வேறு வேலை ஓடவில்லை.
காய்ச்சல் அவசரம்.
உறைபனியில் பஸ் வராதது அவசரம்.
நாடகத்தில் மரமாக நிற்கிறவனுக்கு
பழுப்புக் காலுறை வேண்டுமென்பது?
கேக்கைவிட மேல், காய்ச்சலைவிடக் கீழ்.
வெள்ளிக்கிழமைத் தொகுப்பில் போட்டேன்.

கோனல் மெக்கின்லி
முதல் கட்டத்தில் அழுத்திய அழுத்தில்
காகிதம் கிழிந்திருந்தது.
அவன் பழைய படகில் கானாங்கெளுத்திக்குப் போகிறவன்.
எட்டு நாள், ஒன்பது நாள் எதுவும் எட்டாது;
பிறகு எங்கோ ஒரு அலைமேல்
முப்பது கடிதம் ஒரே கொட்டாகப் போனில் விழும்,
வலையைத் தளத்தில் அவிழ்த்த மாதிரி.
பாவம், தெரியாமல் குறித்துவிட்டான் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் எழுதினேன்,
இதுவரை எழுதியதிலேயே அற்பமான கடிதம்:
பச்சைக் கையுறை, இடது கை,
கட்டைவிரலில் ஓட்டை,
சைக்கிள் கொட்டகை அருகே கிடந்தது.
முன்பென்றால் நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்குப் போயிருக்கும்.
இப்போது எல்லாம் வேண்டுமென்ற ஒன்பது பேருக்கு.
கரையிலிருந்து எட்டுப் பேர்.
பதில் இல்லை.

பத்தாம் நாள் காலை பெட்டியைத் திறந்தால்,
இரவு மூன்று பத்துக்கு வந்தது:
"டெர்வ்லாவுடையது.
ஓட்டை நான் போட்டது, தூண்டில் முள் மாட்டி.
கேட்டு வர மாட்டாள், கூச்சம்.
வகுப்பில் தூக்கிக் காட்டாதீர்கள்."

இடைவேளையில் போனேன்.
கோட்டு மாட்டும் கொக்கிகளில்
அவள் பெயரைத் தேடி
இடது பையில் செருகினேன்.
வலது பையிலிருந்து
அதன் ஜோடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
பத்து நாளாக ஒற்றையாய்,
சுத்தமாக மடிக்கப்பட்டு.
பதிலுக்கு என்ன எழுதுவது?
"சேர்ந்துவிட்டது" என்று மட்டும் அனுப்பினேன்.
அதுவும் எப்போது போய்ச் சேருமோ.

என் படிவம் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.
என் பையனும் இங்கேதான் படிக்கிறான், நான்காம் வகுப்பு.
நான் எழுதுவது எல்லாம்
ஒரு பிரதி எனக்கும் வருகிறது.
திறக்காதவை அறுநூற்று இரண்டு.
ஒத்திகை அன்று அரங்க வாசலில் எட்டிப் பார்த்தேன்,
கிளை போல் கையை விரித்து நின்றான்,
இரண்டு காலிலும் பளிச்சென்று வெள்ளைக் காலுறை.

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பிர்ச் மரம், என்றேன்.