ஏழாம் கட்டம்

நடந்ததை நடந்தபடி விவரிக்கவும்
என்கிறது படிவம்.
அதற்கு நான்கு விரற்கடை இடம் விட்டிருக்கிறது.

ஜுபைல். ஆகஸ்ட். காலை ஒன்பது நாற்பது.
மூன்றாம் யூனிட், வடக்குச் சாரம், ஐந்தாம் தட்டு.
ஆள்: ஞானதிரவியம், ஸ்கஃபோல்டர்.
வகை: நியர் மிஸ்.
அதாவது, யாரும் சாகவில்லை.

படிவம் ஆங்கிலம் கேட்கும்.
நான் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுகிறவன்.
முதலில் இப்படி வந்தது:

பலகை தளர்ந்திருப்பது கண்டறியப்பட்டது.
கால் இடறப்பட்டது.
பெல்ட்டால் உடல் தாங்கப்பட்டது.

படு, படு, படு.
எல்லாம் பட்டது. செய்தவர் யாருமில்லை.
பலகையைக் கட்டாமல் விட்ட கை
வாக்கியத்திலிருந்து மெல்ல இறங்கி
கேண்டீன் பக்கம் நடந்துவிட்டது.
ரொமெல் கேட்பது இதைத்தான்.
ரொமெலுக்கு மேலே இருப்பவர்களும்.

அழித்தேன்.

ஏறி,
குழாயைத் தோள் மாற்றி,
ஸ்பேனரை இடுப்பில் செருகி,
கண்ணில் இறங்கிய உப்பைப் புறங்கையால் தள்ளி,
இடது காலை எடுத்து வைத்து,

இங்கே ஒரு முற்று வர வேண்டும்.
வரவில்லை.
எச்சத்திலேயே நிற்கிறான், ஒற்றைக் காலில்.
நானும் விசைப்பலகைமேல் ஒற்றை விரலில்.

சரி, ஒரே சொல்லில் பார்ப்போம் என்று
விழுமனிதன் என்றேன்.
விழுந்த, விழுகிற, விழும்
மூன்றும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் பதுங்கிக்கொள்ள
காலம் காட்ட ஆளில்லை.
அது தப்பாகப் போயிற்று.
மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது விழுந்தான்.
இதோ, ஏசி உறுமும் இந்தக் கன்டெய்னர் அறையில் விழுகிறான்.
நாளை பஸ்ஸில் கண்ணயர்ந்தால் அப்போதும் விழுவான்.

சாட்சி சொன்ன ஹெல்பரிடம் கேட்டேன்,
என்ன சத்தம் வந்தது?
பலகை சடசட என்றதாம். குழாய்கள் கடகட.
பிறகு கொக்கி:
டக்.
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இல்லை
என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஒரே ஒரு டக்.
எழுபத்திரண்டு கிலோ பொருள்
பதினொரு நிமிடம் அதில் தொங்கியது.

கிளினிக்கில் அவனைப் பார்த்தேன்.
விலாவில் பெல்ட்டின் அச்சு, நாவற்பழ நிறத்தில்.
"ஒரு பூட்ஸ் கழண்டு போச்சு சார்.
அது கீழ போய்ச் சேர்ற வரைக்கும் எண்ணுனேன்.
மூணுதான் வந்துச்சு."

பூட்ஸ் விழுந்தது.
அந்த மூன்று எண்ணிக்கை அவனுடையதாக இருந்தால்
விகுதியும் கூடவே மாறியிருக்கும்.
விழுந்தான் என்று தொடங்கி
தரைக்கு வந்ததும்
கிடந்தது என்று எழுதுவோம்.
ஒரு மனிதன் அஃறிணையாக
பத்து மீட்டர் போதும்.

மணி இரண்டு. வெளியே வெயிலுக்கு வேலைத்தடை.
சாரத்தின் நிழலில் ஆட்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.
எனக்குப் பழைய பெயர் ஒன்று நினைவு வந்தது,
வகுப்பில் யாருக்கும் ஒரே மூச்சில் வராதது:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

விழாத மனிதன்
என்று எழுதினேன்.
கடைசியில் தொங்கிய த
கைவிட்டு விழுந்தது.
மனிதன் விழவில்லை.

விழா மனிதன்.

இதை யாராவது
கொடி, கொட்டு, வாணவேடிக்கை என்று படித்தால்
நான் திருத்தப் போவதில்லை.

படிவத்தில் போனது என்னவோ
படு, படு, படுதான். ஆங்கிலத்தில்.
ரொமெல் "குட்" என்று கையெழுத்திட்டார்.

ஸ்டோரில் ஒற்றை பூட்ஸ் தர மாட்டார்களாம்,
ஜோடியாகத்தான் கணக்கு.
மிஞ்சிய வலது கால்
என் மேசைக்கு அடியில் இருக்கிறது,
நாடா அவிழாமல்.